அம்மாவுக்குப் பிறகு யார்?

தன் பிள்ளை நூறு வயது வாழவேண்டும் என்று வேண்டாத தாய் உண்டா?

உண்டு!

"சாமி! நான் கண்ணை மூடுவதற்கு முந்தின நாள் இவனை அழைத்துக்கொள்" என்று கும்பிடுகிற தாய்மார்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் அவர்கள். பாசம் இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை. தனக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள் என்ற பயம்!

ஆட்டிசம் பைத்தியம் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. மூளையின் வளர்ச்சி வேறு மாதிரி அமைந்துவிடுகிறது. சிலருக்குப் பேச்சே வராது. சிலர் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் பிறருடன் பழகத் தெரியாது. பலருக்குச் சத்தம் ஆகாது. தினமும் நடப்பது ஒருநாள் மாறினாலும் தவித்துப் போவார்கள்.

சிறுவனாக இருக்கும்வரை பள்ளிக்கூடம் உண்டு, பயிற்சி உண்டு. 18 வயது தாண்டியதும் பலருக்கு அந்தக் கதவு மூடிவிடுகிறது. மீசை முளைத்த மகன் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுகிறான். அவனுக்கு 40 வயது ஆகும்போது அம்மாவுக்கு 65, 70!

33 பக்கக் கடிதம்

அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில், பாரஸ்ட் என்று ஒரு சிற்றூர். டொனால்டு டிரிப்ளெட் என்பவர் அந்த ஊர்க்காரர். பிறந்தது 1933-ல். ஆட்டிசம் என்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டவர் இவர்தான்.

3 வயதில் அவரை ஒரு விடுதியில் விட்டார்கள். மனம் கேட்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, பெற்றோர் போய் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். தகப்பனார் ஒரு வக்கீல். மகனைப்பற்றி 33 பக்கம் கடிதம் எழுதி, டாக்டர் லியோ கானருக்கு அனுப்பினார். 1943-ல் கானர் வெளியிட்ட கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். முதல் குழந்தை டொனால்டு.

பிறகு சில காலம் ஒரு விவசாயக் குடும்பத்துடன் டொனால்டு வசித்தார். எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். விவசாயி அதட்டவில்லை. சோள வரிசைகளை எண்ணச் சொன்னார். எண்ணிக்கொண்டே ஏர் ஓட்டினார், டொனால்டு!

வளர்ந்து கல்லூரியில் படித்தார். பாங்கியில் வேலை பார்த்தார். கார் ஓட்டினார். சொந்த ஊரில், பழகிய வீட்டில் வாழ்ந்தார். 2023-ல், 89-வது வயதில் காலமானார்.

அந்தப் பாங்கி யாருடையது தெரியுமா? அவருடைய தாய் வீட்டார் தொடங்கியது! நம் தாய்மார்களில் எத்தனை பேருக்குப் பாங்கி இருக்கிறது?

சட்டம் இருக்கிறது, வீடு?

இந்தியாவில் 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி, 18 வயது தாண்டிய மகனுக்கோ மகளுக்கோ காப்பாளர் ஒருவரை நியமிக்கலாம். கலெக்டர் தலைமையில் உள்ள குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். இது தெரியாத பெற்றோர் பலர். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். 2016-ம் ஆண்டுச் சட்டத்திலும் ஆட்டிசம் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை.

நல்லதுதான். ஆனால் காப்பாளர் என்று எழுதிய காகிதத்தில் படுத்துத் தூங்க முடியுமா?

வீடு வேண்டும். ஊருக்கு வெளியே 200 பேரை அடைத்துவைக்கும் கட்டடத்தை நான் சொல்லவில்லை. நாம் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு சாதாரண வீடு. 5, 6 பேர் தங்கினால் போதும். பகலிலும் இரவிலும் பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்க வேண்டும். காலையில் ஏதாவது ஒரு வேலை. மாலையில் வழக்கமான டீக்கடை.

ஆட்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்காவிட்டால் ஒருவரும் நிலைக்க மாட்டார்கள். மாதம் ஒரு புது முகம் வந்தால், மாற்றம் தாங்காத பிள்ளை என்ன ஆவான்? அந்தச் சம்பளத்தைச் சர்க்கார்தான் கொடுக்க வேண்டும். 40 வருடமாக அம்மா சம்பளம் வாங்காமல் செய்த வேலை அல்லவா அது!

இன்னொன்று. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளை அங்கே தங்கிப் பழக வேண்டும். முதலில் ஒரு நாள். பிறகு ஒரு வாரம். அம்மாவும் கூடப் போய், அவனுக்குப் பிடித்த தட்டு எது, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பான் என்று சொல்லிக்கொடுக்கலாம். இல்லாவிட்டால் அம்மா, கட்டில், தெரு எல்லாவற்றையும் அவன் ஒரே நாளில் இழப்பான்.