உளிக்கும் ஓர் இடம் வேண்டும்

தச்சு வேலை நம் தோட்டப்புறத்தில் யாருக்கும் புதிதன்று. கோழிக்கூடு, சாமி மாடம், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் மேசை, கதவு கழன்ற அலமாரி, எல்லாவற்றையும் வீட்டு ஆண்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பின்கட்டில் இழைப்புளி ஓடும் சத்தம் கேட்கும். அதற்கு முன்னால் இன்னொரு சத்தமும் கேட்கும்: "அந்த முக்கால் அங்குல உளியை யார் எடுத்தது?" பாதிப் பொழுது தேடுவதிலேயே போய்விடுகிறது.

நாம் சாமான்களை வைத்திருக்கும் அழகைப் பாருங்கள். ஒரு கோணிச் சாக்கு. அதற்குள் உளி, ரம்பம், அரம், சுத்தியல், ஆணி எல்லாம் ஒன்றாக. சாக்கைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் உளியின் வாய் சுத்தியலில் இடிபடுகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து தீட்டிய கூர்மை ஒரே நாளில் போய்விடும். போதாததற்குச் சணல் சாக்கு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மலேசியா போன்ற ஈரக்காற்று நாட்டில் இரும்பை ஈரத்துணியில் சுற்றி வைத்ததற்குச் சமம் அது.

துரு பிடிப்பதற்கு மழை உள்ளே வரவேண்டும் என்பதில்லை. தகரக் கூரை இரவில் குளிர்ந்து, விடியற்காலையில் உள்பக்கம் வியர்த்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீர் கீழே இருக்கும் சாமான்கள்மேல்தான் சொட்டும். நம் கை வியர்வையில் உப்பு இருக்கிறது. பிடித்த இடத்தில் மறுநாளே விரல் தடம் சிவப்பாகத் தெரியும். இழைப்புளியில் ஒட்டிய மரத்தூளும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சொந்தத்தில் ரப்பர்த் துண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பால் உறையவைக்கும் ஆசிட் போத்தலை ஆயுதங்கள் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் அந்த ஆவி இரும்பைத் தின்றுவிடும்.

ஆயுத பூசை அன்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். நல்ல வழக்கம், வருடத்தில் ஒரு நாளாவது அவை வெளிச்சத்தைப் பார்க்கின்றன. ஆனால் ஈரச் சந்தனம் இரும்பின்மேலேயே காய்ந்தால் பொட்டு வைத்த இடத்தில் துருப்பொட்டு விழும். மறுநாள் துடைத்து, தையல் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெயில் இரண்டு சொட்டுத் தடவிவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும், கரப்பான் பூச்சியையும் அழைத்து வரும்.

சரி, எப்படி வைப்பது? நாலடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகை ஒன்று போதும். அதன் பின்புறம் இரண்டு ரீப்பர் அடித்துச் சுவரில் மாட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கும். குளியலறைச் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். பலகை, ரீப்பர் எல்லாவற்றுக்கும் தோட்டத்தில் வெட்டித் தள்ளிய ரப்பர் மரத்தை இலவசமாகக் கிடைக்கிறதே என்று தூக்கி வரவேண்டாம். மூவார் பட்டணத்துத் தொழிற்சாலைகளில் மேசை நாற்காலியாகி வெளிநாடு போவதும் அதே ரப்பர் மரம்தான். ஆனால் அங்கே போவது மருந்து ஏற்றி உலர்த்திய மரம். பச்சையாக அறுத்த பலகையில் மாவுச்சத்து மிகுதி. வண்டு துளைத்து, சில மாதங்களில் தரையெல்லாம் மாவாகக் கொட்டும். பழைய மெராந்திச் சட்டம் கிடைத்தால் அதுவே மேல்.

பலகையில் ஒவ்வொரு சாமானையும் வைத்துப் பார்த்து, ஆணி அடித்து மாட்டி, அதைச் சுற்றிச் சாயத்தால் கோடு வரைந்துவிடுங்கள். சுத்தியல் இருக்கும் இடத்தில் சுத்தியல் உருவம், மூலைமட்டம் இருக்கும் இடத்தில் அதன் உருவம். காலைப் பெரட்டுக்கு ஆள் வராவிட்டால் மண்டோருக்கு எப்படித் தெரிந்துவிடுகிறதோ, அதுபோல வெறும் கோடு மட்டும் நின்றால் எது வரவில்லை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். என் வகுப்பில் கத்தரிக்கோல்களை இப்படித்தான் மாட்டியிருக்கிறேன். மணி அடிப்பதற்குமுன் சுவரை ஒரு பார்வை பார்த்தால் போதும், எண்ண வேண்டியதில்லை.

உளிகளை ஆணியில் தொங்கவிடாதீர்கள். ஒரு சட்டத்தில் வரிசையாகப் பள்ளம் வெட்டி, முன்னால் மெல்லிய பலகை ஒன்று அடித்தால் வாய் மறைந்துவிடும். பிடி மட்டும் வெளியே தெரியும். ரம்பத்தின் பல்லுக்குத் தண்ணீர்க் குழாய்த் துண்டை நீளவாக்கில் கீறிப் போர்த்தலாம். கூரான எதுவும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் ஏறி நிற்க முக்காலி இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் மூளை அப்படி!

ஆணிகளுக்கு மைலோ டின் நல்லதுதான். உள்ளே இருப்பது தெரியாது என்பதே குறை. எந்த அளவு ஆணியோ, அதில் ஒன்றை டின்னின் வெளியே ஒட்டிவையுங்கள். எழுதி வைப்பதைவிட இது எளிது. எழுத்துத் தெரியாத பாட்டியும் சரியான டின்னை எடுத்துக் கொடுப்பார்.

துருவைவிடப் பெரிய திருடன் இரவல். "அண்ணே, அஞ்சு நிமிஷம்" என்று வாங்கிப்போன துளைக்கும் கருவி அடுத்த தீபாவளிக்கும் வராது. கேட்டால் மனத்தாங்கல். இல்லை என்று சொல்ல நம் லயத்தில் யாருக்கும் வாய் வராது. சொல்லவும் வேண்டாம். பலகையின் ஓரத்தில் பழைய நாள்காட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, வாங்குபவரையே பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். தன் கையால் எழுதியவர் திருப்பித் தருவது அதிகம்.

சுவர்ப் பலகையோடு ஒரு பெட்டியும் செய்து வையுங்கள் என்பேன். அடியில் ரம்பமும் இழைப்புளியும், மேலே நகரும் தட்டில் உளியும் மட்டமும் வைக்கிற மாதிரி. காரணம் இருக்கிறது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்பு நிலங்களாவதைக் கண்ணாரக் கண்டுவருகிறோம். ஐம்பத்தைந்து, அறுபது வயதில் குவாட்டர்ஸைக் காலி செய்து தாமானில் வாடகை வீட்டுக்குப் போகிறவருக்குப் பால்வெட்டுக் கத்தி அங்கே சோறு போடாது. அலமாரிக் கதவு மாட்டவும் ஜன்னல் சட்டம் சரிசெய்யவும் ஆள் தேடும் வீடுகள் தாமானில் நிறைய உண்டு. அப்போது போய்ப் புதிதாக வாங்குவது சுலபமில்லை. நல்ல இழைப்புளி ஒன்றே இரண்டு மூன்று நாள் சம்பளத்தை விழுங்கிவிடும். சாமான் தூக்கும் லாரி வந்து நிற்கும் அன்று, துருவேறிய சாக்கை யாரும் வண்டியில் ஏற்றமாட்டார்கள். அப்பா முப்பது வருஷம் சேர்த்தது குப்பையோடு போய்விடும். பெட்டியாக இருந்தால் அது முதலில் ஏறும்.

பெட்டி மூடியின் உள்பக்கம், என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் ஒட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு சிறு துணிமுடிச்சில் கற்பூரம் கட்டி உள்ளே போடுவது பழைய தச்சர்களின் வழக்கம். பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழுங்கிய உளியைச் சாணைக்கல்லில் தீட்டும் முறை அடுத்த இதழில்.