சொட்டுத் தண்ணிதானே என்று விடாதீர்கள்!

ராத்திரி பாத்ரூமிலிருந்து 'சொட்... சொட்...' என்று சத்தம் கேட்கிறதா? 'ப்ளம்பர் வரட்டும், பார்த்துக்கலாம்' என்று மாசக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். என்னைக் கேட்டால், குழாய் ஒழுகுவது தண்ணீர்ப் பிரச்னை மட்டுமல்ல... ஆரோக்கியப் பிரச்னை!

ஈரம் காயாத தரையில் பாசி பிடிக்கும். தாத்தா, பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மாதக்கணக்கில் படுக்கைதான். ஓதம் ஏறிய சுவரில் பூஞ்சை படரும். வீஸிங் உள்ள குழந்தைக்கு இழுப்பு அதிகமாகும். ஒழுகலுக்கு வைத்த பக்கெட்டை ஒரு வாரம், பத்து நாள் கொட்டாமல் விட்டால், டெங்கு கொசு அதில் குடும்பமே நடத்திவிடும்!

கண்டுபிடிப்பது சுலபம். படுக்கப்போகும்முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவையுங்கள். ராத்திரி யாரும் புழங்காமலே காலையில் மட்டம் இறங்கியிருந்தால், எங்கோ கசிகிறது. ஃப்ளஷ் டாங்க்கில் கொஞ்சம் சொட்டுநீலம் விட்டு, அரைமணி நேரம் சும்மா விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால், உள்ளே வால்வு சரியாக மூடவில்லை.

பழைய திருகுக் குழாய் என்றால், பெரும்பாலும் வாஷரை மாற்றினாலே போதும். சில ரூபாய்தான் செலவு! ஓதச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதெல்லாம், புண்ணுக்குப் பவுடர் போடுகிற கதை. முதலில் கசிவை நிறுத்துங்கள்.

பாட்டி விழுந்தபிறகு ப்ளம்பரைத் தேடி என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்?