கார்க் கதவின் ரப்பர் சில்லறை வேலையா?

கார்க் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையை நம் ஊர் மெக்கானிக்குகள் 'பீடிங்' என்பார்கள். அது ஓரிடத்தில் கழன்று தொங்கினால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். பார்க்காதது போல் இருந்துவிடுவோம். இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்பில் விட்டு, அவர்கள் சொல்லும் தொகைக்குப் புதுசு போடச் சொல்வோம். இரண்டுமே தவறு என்பது என் கட்சி. கழன்ற பீடிங் பெரும்பாலும் அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விடுவதுதான் பெரிய செலவு.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை நமக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பீடிங் விலகிய இடத்தில் இறங்கும் தண்ணீர் காலடிக் கார்ப்பெட்டின் அடியில் போய்த் தங்கும். மேலே தொட்டால் ஈரம் தெரியாது. கதவைத் திறந்ததும் ஒரு முடைநாற்றம் வரும், அவ்வளவுதான். அடியில் தகடு துருப்பிடித்துக்கொண்டிருக்கும். கடற்காற்று வேறு. துரு தின்ற தரைத்தகட்டை வெட்டி வெல்டிங் வைப்பதற்கு ஆகும் செலவு, பென்ஷன்காரர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடியதல்ல.

பீடிங் ஏன் கழல்கிறது? வெயிலில் நின்ற காரில் ரப்பர் பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும். கதவைத் திறக்கும்போது கூடவே பிய்த்துக்கொண்டு வரும். சீட் பெல்ட்டின் கொக்கி கதவிடுக்கில் மாட்டி நசுக்கும். மூன்றாவது காரணம் நாமேதான். முட்டிவலிக்காரர்கள் காலைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்து வைத்து ஏறுவோம். செருப்பின் குதிகால் ஒவ்வொரு முறையும் வாசலின் கீழ்ப் பட்டையில் உரசும். ஓட்டுநர் பக்கத்துப் பீடிங் முதலில் கழல்வது அதனால்தான்.

என் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் காரில் ஒரு கதவில் மட்டும் பீடிங் தொங்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான்கு கதவுக்கும் மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். ரப்பர் மிருதுவாகத்தான் இருந்தது, கிழிசல் ஏதும் இல்லை. பல கார்களில் இந்தப் பட்டையின் குறுக்குவெட்டு நம் 'ப' எழுத்து போல இருக்கும். உள்ளே மெல்லிய தகடு உண்டு. அது வாசலின் விளிம்பைக் கவ்விப் பிடித்திருக்கும். கவ்வல் தளர்ந்தால் பட்டை கழன்றுவிடும். தளர்ந்த பகுதியை மட்டும் வெளியே எடுத்து, விளிம்பில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து, டச்சப் பெயிண்ட் தடவிக் காயவிட்டோம். பிறகு துணி சுற்றிய பிளையரால் 'ப'வின் இரு காலையும் லேசாக நெருக்கி, முதலில் மூலையில் பொருத்தி, உள்ளங்கையால் தட்டித் தட்டி உட்காரவைத்தோம். ரப்பரை இழுத்துப் பொருத்தக்கூடாது. இழுத்தால் அது சுருங்கி மறுபடியும் மூலையில் கிளம்பும். கடைக்குப் போய் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

சில கார்களில் பட்டையைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அதற்குப் பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ரப்பருக்கான பசையை இரு பக்கமும் தடவி, அது சற்று உலர்ந்து பிசுபிசுக்கும்போது அழுத்த வேண்டும். நொடியில் ஒட்டும் பசை வேண்டாம். அது கல்லாக இறுகும். ரப்பர் வளையும்போது விரிசல் விடும். கிரீஸ், மண்ணெண்ணெய் பக்கமே போகக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும். கதவு திறந்தே கிடக்கும் நேரத்தில் உள்விளக்கை அணைத்து வையுங்கள், பேட்டரி தப்பிக்கும்.

இன்னொன்று. தண்ணீர் உள்ளே வந்தால் எல்லாப் பழியும் பீடிங்குடையது அல்ல. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற, கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். மண் அடைத்திருந்தால் ஒரு ஈர்க்குச்சி போதும். அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

"ரப்பர் காலத்துக்கும் வருமா?" என்று கேட்பீர்கள். வராது. வெடித்து, இறுகி, அழுத்தினால் மேலெழாமல் போன ரப்பரை மாற்றத்தான் வேண்டும். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கெட்டதா, கழன்றதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்கிறேன். அலுவலகத்தில் ஒரு தாள் கிழிந்தால் ஒட்டி, டேக் கோத்து வைப்போமே தவிர, கோப்பையே தூக்கி எறிந்ததில்லை.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'ப்ரிகொலாஜ்' என்ற சொல் பிடிக்கும். வீட்டில் நாமே செய்துகொள்ளும் சிறு பழுதுவேலைக்கு அது பெயர். அரைகுறை வேலையைக் கேலி செய்யவும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். காரணத்தைத் தேடிச் செய்தால் முதல் வகை, பசையை அப்பிவிட்டு எழுந்தால் இரண்டாம் வகை. நாமோ இரண்டையும் 'சில்லறை வேலை' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அந்த இளக்காரத்தால்தான் பொறுமையாகப் பார்த்துச் சரிசெய்யும் தெருமுனைக் கைவேலைக்காரர்கள் குறைந்துவருகிறார்கள். குனிய முடியாதவர்கள் அவர்களைக் கூப்பிடுங்கள். பொருள் ஏதும் மாற்றவில்லையே என்று கூலியைக் குறைக்காதீர்கள். அவர்கள் மிச்சப்படுத்தியதும் நம் பணம்தான்.

மழைக்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, மெல்ல இழுங்கள். சற்றுப் பிடித்துக்கொண்டு வந்தால் பீடிங் நன்றாக இருக்கிறது. தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். நான்கு கதவையும் இப்படிச் சுற்றிவரப் பத்து நிமிடம் போதும்.