பேட்டரி மேல் பழி போடுமுன்

செம்பனைத் தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கணவர் ஓட்டுவது பழைய புரோட்டோன் சாகா. ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டதாம். போன மாதம் மாமனாருக்கு மூச்சு முட்டல் வந்து, இரவில் பட்டணத்து மருத்துவமனைக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். செம்பனைக்கு நடுவிலேயே விளக்கு மங்கிக் காடி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு போனதால் பெரியவர் பிழைத்தார். "மூன்றாவது பேட்டரிக்கும் பணம் தேடுவதா?" என்று கேட்கிறார்.

வேண்டாம், சகோதரி. முதலில் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரி தண்ணீர்த் தொட்டி மாதிரி. அதை நிரப்புவது ஆல்டர்னேட்டர். நம் பெரியவர்கள் வாயில் அது இன்னும் டைனமோதான். முகப்பு விளக்குகள் இரண்டுமே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சிறிய காடியின் பேட்டரி 35 முதல் 45 ஆம்பியர்-மணி அளவுதான். நிரப்புகிறவன் சோர்ந்துபோனால் அந்தத் தொட்டி எத்தனை நேரம் தாங்கும்? புதுப் பேட்டரி மாட்டியதும் கொஞ்ச நாள் எல்லாம் சரியானதுபோல் இருக்கும். நோய் அங்கேயேதான் இருக்கிறது.

1985-இல் வெளிவந்த சாகாவானாலும் 1994-இல் வந்த கஞ்சிலானாலும் சோதனை ஒன்றே. சாவியைத் திருப்பியதும், இஞ்சின் ஓடுமுன், பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கலாம். ஆல்டர்னேட்டருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கவும் கூடும். இஞ்சின் ஓடும்போது அது அணைய வேண்டும். மங்கலாக மினுக்கினாலும் அலட்சியம் வேண்டாம். அணைந்துவிட்டது என்பதற்காக நிம்மதியடையவும் வேண்டாம். விளக்கு அணைந்தும் சார்ஜ் குறைவாக ஏறும் காடிகள் உண்டு.

அடுத்து, இஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஏறக்குறைய 1 செண்டிமீட்டர் அமுங்கலாம். அதற்குமேல் தொய்ந்திருந்தால், மழைக்காலக் காலையில் கிறீச்சென்று கத்துவது அதுதான். பல பழைய காடிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. அறுந்தால் இஞ்சினே கொதித்துவிடும்.

இனி மீட்டர். பேட்டரி விலையோடு பார்த்தால் சாதாரண டிஜிட்டல் மீட்டர் மிக மலிவு; லயத்தில் நாலு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, இரவு முழுதும் நின்ற காடியில் அளந்தால் நிறைந்த பேட்டரி 12.6 காட்டும். இஞ்சினை ஓடவிட்டுச் சற்றே வேகம் கொடுத்தால் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் ஏற வேண்டும். பெரிய விளக்கையும் காற்றாடியையும் போட்டபின் 13-க்குக் கீழே இறங்கக்கூடாது. ஏறாமல் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரித் தண்ணீரை வற்றடிக்கிறது.

அத்தோடு நிற்காமல், ஆல்டர்னேட்டர் பின்புறம் தடித்த கம்பி மாட்டிய இடத்திலும் அளக்க வேண்டும். அங்கே 14, பேட்டரியில் 12.5 என்றால் குற்றம் கம்பியிலோ பச்சை பூத்த இணைப்பிலோ இருக்கிறது. அந்த இடத்தில் எப்போதும் மின்சாரம் உண்டு. ஸ்பேனர் காடியின் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றி, "நிற்கவில்லை, டைனமோ நல்லது" என்று தீர்ப்புச் சொல்லும் வித்தைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கணத்தில் வோல்ட் தாறுமாறாக எகிறி நல்ல டையோடையும் எரித்துவிடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

தேய்ந்துபோவது பெரும்பாலும் பிரஷ்தான். கரித்துண்டு இரண்டு, சுழலும் வளையத்தில் உரசி உரசி நாளடைவில் குட்டையாகிவிடும். மரக்கைப்பிடியால் ஆல்டர்னேட்டரை மெல்லத் தட்டியதும் சார்ஜ் ஏறி, சிறிது நேரத்தில் மறுபடி விழுந்தால் பிரஷ்மேல் சந்தேகம் கொள்ளலாம். கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால் பேரிங். பகலில் சார்ஜ் ஏறியும் நின்ற காடியில் பேட்டரி ஒரே இரவில் இறங்கினால் டையோடு கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சகோதரி, கணவர் காடி வயரிங் கடைக்குப் போகும்போது "டைனமோ மாற்று" என்று சொல்ல வேண்டாம். "கழற்றிச் சோதித்து, பிரஷ் தேய்ந்திருந்தால் பிரஷ் மட்டும் போடுங்கள்" என்று கேட்கட்டும். முழு ஆல்டர்னேட்டரோடு ஒப்பிட்டால் அது சொற்பச் செலவு. வளையமும் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தால், பழைய காடிகளைப் பிரித்து விற்கும் கடையில் ஒன்று பார்க்கலாம். ஓடவைத்துக் காட்டிய பிறகே பணம் கொடுக்கவும். அதுவரை இரவில் காடியை எடுக்க வேண்டாம். பெரியவருக்கு மறுபடி முடியாமல் போனால் யார் காடியைக் கூப்பிடுவது என்று இன்றே அண்டை வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.