பொம்மைப் பயிலரங்கில் ஆசிரியர் யார்?

நவராத்திரிக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பெருநகரங்களில் பயிலரங்கு அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டலாம், களிமண்ணில் பிள்ளையார் பிடிக்கலாம், டிசம்பர் வந்தால் காகித நட்சத்திரம் மடிக்கலாம் என்று அழைக்கிறார்கள். பிள்ளைகளோடு பெரியவர்களும் பணம் கட்டிச் சேர்கிறார்கள். கொலு பார்க்க வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தனுப்பிப் பழகிவிட்ட வீடுகளில், தன் கையால் செய்த ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை துளிர்ப்பது வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் இந்த அரங்குகள் பலவற்றில் மேசைமேல் இருப்பது அச்சில் வார்த்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மையும், நான்கைந்து வண்ணக் குப்பிகளும், ஒரு தூரிகையும் மட்டுமே. இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அந்த வெள்ளைப் பொம்மையை வடித்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அங்கே எழுவதற்கே வழியில்லை. பண்டிகைப் பயிலரங்குகளைப் பொம்மை செய்து பிழைப்பவர்களே ஆசிரியர்களாக இருந்து நடத்த வேண்டும், அதற்கு ஆசிரியருக்குரிய ஊதியத்தை அவர்கள் பெற வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

மதுரையை ஒட்டிய விளாச்சேரி, காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெரு, கடலூர் வண்டிப்பாளையம், பண்ருட்டி என்று தமிழ்நாட்டில் பொம்மையால் பெயர்பெற்ற இடங்கள் பல உண்டு. விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் அதே கைகள்தான் சதுர்த்திக்குப் பிள்ளையாரையும், கிறிஸ்துமஸ் குடிலுக்கு மரியாளையும் சூசையப்பரையும் ஆட்டிடையர்களையும் செய்கின்றன. வேலையின் கடினம் பொம்மையைக் கவிழ்த்துப் பார்த்தால் விளங்கும். சுட்ட மண் பொம்மையின் உள்ளே கூடாக இருக்கும், அடியில் திறப்பு இருக்கும். களிமண்ணை ஊறவைத்துக் கல் பொறுக்கி, மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதமாக்குகிறார்கள். முன்பாதி அச்சிலும் பின்பாதி அச்சிலும் மண்ணை ஒரே கனத்தில் விரலால் அழுத்திப் பரப்பி, இரண்டையும் கூழ்மண் தடவி இணைக்கிறார்கள். ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் மெலிந்தால் காயும்போது விரிசல் விடும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக்கொண்டு காய்ந்து வெடிக்கும். ஈரம் முழுக்கப் போகாமல் சூளைக்குப் போன பொம்மை உள்ளிருக்கும் ஆவி தாங்காமல் சிதறிவிடும். இத்தனையும் தாண்டி வந்த பிறகுதான் வெள்ளைப் பூச்சு, உடல் நிறம், ஆடையின் கரை, நகை, கடைசியாகக் கண். காகிதக் கூழில் செய்யும் பொம்மைக்குச் சூளை வேண்டியதில்லை, எடையும் குறைவு; ஆனால் கூழை அரைத்துப் பசையோடு பிசைந்து, நாள்கணக்கில் உலரவைத்து, தேய்த்து வழவழப்பாக்கும் வேலை அதில் கூடுதல். பயிலரங்குக்கு வருபவர் தொடுவது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும்தான். சங்கிலி முழுவதையும் அறிந்தவர் அருகே நின்றால்தான், தான் பார்க்காத மற்ற கண்ணிகள் இருப்பதே அவருக்குத் தெரியவரும்.

இது வெறும் மரியாதை சார்ந்த கோரிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோகான், டான் ஏரியலி ஆகிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். காகிதத்தில் கொக்கும் தவளையும் மடிக்கத் தெரியாதவர்களை மடிக்கச் சொல்லி, தங்கள் படைப்புக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். செய்தவர்கள் சராசரியாக 23 சென்ட் கொடுக்க முன்வந்தார்கள். அதே காகிதத்துக்கு வேறு மனிதர்கள் கொடுக்க நினைத்தது 5 சென்ட். தேர்ந்த கலைஞர் மடித்ததற்கே 27 சென்ட்தான். தான் செய்த கோணல்மாணல் கொக்கு, செய்தவரின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட கலைஞரின் கொக்குக்குச் சமமாகத் தெரிந்திருக்கிறது. பயிலரங்கு நடத்துவோர் இதை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டலாம். கையால் செய்வது மதிப்பைக் கூட்டுகிறது என்பதற்கு இது சான்று. எனக்கோ இதில் ஓர் எச்சரிக்கையும் தெரிகிறது. இங்கே கூடிய மதிப்பு அவரவர் வேலைக்கு அவரவர் கொடுத்துக்கொண்டது. பிறர் உழைப்பின் மீதான மதிப்பு அதனால் தானாக உயர்ந்துவிடாது. வண்ணம் தீட்டிவிட்டு வீடு திரும்பும் ஒருவர், 'இவ்வளவுதானா வேலை' என்ற எண்ணத்தோடு மறுநாள் கடைவீதியில் இன்னும் கறாராகப் பேரம் பேசவும் கூடும். அதைத் தடுக்க ஒரே வழி, தன் கை தடுமாறிய அதே இடத்தில் இன்னொரு கை தடுமாறாமல் போவதை அவர் நேரில் பார்ப்பதுதான். கண்ணுக்கு மை இழுக்கும்போது நடுங்கிய தூரிகையை ஆசிரியர் வாங்கி, ஒரே இழுப்பில் இமையை முடிப்பதைப் பார்த்த பிள்ளைக்கு விலைப்பட்டியல் புரியும்.

எல்லாரும் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டால் கைவினைஞரிடம் வாங்குவது யார் என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். ஆனால் ஒரு கொலுவுக்குத் தேவைப்படும் பொம்மைகளை எந்தக் குடும்பமும் வீட்டிலேயே செய்துவிடப் போவதில்லை. ஒன்றைச் செய்யவே மலைப்பாக இருக்கும். வரலாறும் வேறு திசையைக் காட்டுகிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் உலகெங்கும் தொங்கும் பலமுனைக் காகித நட்சத்திரத்தின் பிறப்பிடங்களில் ஒன்று ஜெர்மனியின் நீஸ்கி ஊரிலிருந்த மொராவியன் சபையின் பள்ளி. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே அது வடிவியல் பாடத்துக்காக மாணவர்கள் செய்த வேலை. அப்பள்ளியில் படித்த ஒருவர் பிற்பாடு அதைச் செய்து புத்தகக் கடை வழியாக விற்றார். அவர் குடும்பத்தின் முயற்சியில் ஹெர்ன்ஹூட் ஊரில் தொழிற்கூடம் எழுந்தது. இன்றும் அங்கே நட்சத்திரங்களைக் கையால் ஒட்டுகிறார்கள். ஒன்றைச் செய்து பார்த்த தலைமுறை அதை வாங்கும் தலைமுறையாகவும் மாற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அச்சு களவுபோகும் என்ற கவலைக்கும் இடம் உண்டு. பரம்பரை அச்சுதான் அக்குடும்பங்களின் மூலதனம். அதை யாரும் கேட்க வேண்டாம். கையால் பிடிக்கும் சிறு உருவங்களும், சுட்டுவந்த பொம்மைக்குப் பூச்சு கொடுக்கும் முறையுமே ஒரு பயிலரங்குக்குப் போதும்.

தமிழ்நாட்டில் இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவது என்றதும் 1953ஆம் ஆண்டு நம் நினைவுக்கு வருகிறது. ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்து மாநிலமே கொதித்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பு சரியானது, இன்றும் சரியானதே. குயவர் மகன் சக்கரத்துக்கே திரும்ப வேண்டும் என்று சொல்லும் எந்தத் திட்டத்தையும் மறுக்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே பேசுவது அதற்கு நேர்மாறானது. மண்பாண்டக் குடும்பத்துப் பிள்ளை கணக்கும் அறிவியலும் படிக்கட்டும். மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் வங்கி ஊழியர் வீட்டுப் பிள்ளையும் வந்து மண் மிதிக்கட்டும். வேளார் என்றும் குலாலர் என்றும் ஊருக்கொரு பெயரில் அறியப்படும் சமூகத்தின் தலையில் மட்டும் விழுந்துகிடக்கும் ஒரு வேலை, எவரும் விரும்பிக் கற்கும் கலையாக மாறுவது இப்படித்தான் நடக்கும். அந்தக் குடும்பத்துப் பெரியவர் வகுப்பறையில் ஆசிரியராக நிற்பதையும், மாணவர்கள் அவரை 'சார்' என்று அழைப்பதையும் அவருடைய பேரப்பிள்ளை பார்ப்பது சிறிய விஷயமில்லை. வண்ணம் தீட்டுவதில் பெரும்பங்கு வகிக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். வீட்டோடு வீடாகச் செய்யும் அவர்களுடைய வேலை தனிக் கூலியாகக் கணக்கில் ஏறுவது அரிது. பயிலரங்கின் ஊதியம் அவர்கள் பெயரிலேயே வரும்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரில் கரைக்கும் சிலைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய பிள்ளையார் சிலை விற்பனைக்கு விதித்த தடையில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. கொலு பொம்மையைக் கரைப்பதில்லை என்பதால் அந்த விதி அதைத் தொடாது. ஆயினும் பிள்ளைகளுக்கு முதன்முதலில் கையில் கொடுக்கும் பொருள் கரையாத பிளாஸ்டராக இருப்பானேன்? மலிவு, வேகமாக இறுகும் என்பதால்தான் பல கைவினைஞர்களே அதற்கு மாறினார்கள். மண்ணுக்கான கேட்பு கூடினால் ஒழிய அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. மண்ணில் பழகிய பிள்ளைகள் வளர்ந்து அதைக் கேட்பார்கள்.

இதற்குப் புதிய துறையோ பெரிய நிதியோ தேவையில்லை. 1973இல் தொடங்கிய அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் ஆண்டுதோறும் கொலு பொம்மைக் கண்காட்சி நடத்துகிறது, கைவினைஞர்களை அறிந்தும் வைத்திருக்கிறது. அவர்களைப் பள்ளிகளோடும் குடியிருப்புச் சங்கங்களோடும் இணைத்துவிடலாம். சிறப்புரையாளருக்குத் தரும் நாள் ஊதியமும் போக்குவரத்துச் செலவும் இவர்களுக்கும் வேண்டும். பட்டம் இல்லை என்று பாதியாகக் குறைக்கக் கூடாது. காலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் அவசியம். காலாண்டு விடுமுறையும் நவராத்திரியும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் அப்போது நடத்தலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஆடி பிறந்தது முதல் கொலு முடியும்வரை பொம்மைக்காரர்களுக்குத் தலைக்குமேல் வேலை. ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில்தான் வரும். அவர்களை அப்போது வகுப்புக்கு அழைப்பது வயிற்றில் அடிப்பதாகும். கோடை விடுமுறையே தோதான நேரம். மே மாதத்தில் பிள்ளைகள் மண்ணில் பிடித்ததை நிழலில் உலரவைத்து, கைவினைஞர் தம் சூளையில் வைத்துச் சுட்டுத் தரட்டும். சூளைக் கூலியைப் பள்ளியோ பெற்றோரோ தனியாகக் கொடுக்க வேண்டும். வண்ணம் தீட்டும் இரண்டாவது வகுப்பைப் பள்ளி திறந்த பின் ஜூனில் வைத்துக்கொள்ளலாம், ஆடிக்கு முன்பே முடித்துவிடலாம்.