பார்மட் அடிச்சிருவோமா?

நம்ம ஊர்ல ஒருத்தன் இன்ஜினியரிங் படிச்சு கம்ப்யூட்டர் கம்பெனில சேந்துட்டா போதும், சொந்தக்காரங்க வீட்டுப் பொட்டிக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். ஆபீஸ்ல நான் புடுங்குற ஆணி வேற, இது வேறன்னு சொன்னா யாரு கேக்குறா? "நீ கம்ப்யூட்டர்தானே படிச்ச, இத என்னன்னு பாரு". அவ்ளோதான்.

அந்த வைத்தியன் கையில இருக்கறது ஒரே மருந்து. பொட்டி மெதுவா ஓடுதா? பார்மட். வைரஸா? பார்மட். பிரிண்டர் வேலை செய்யலயா? அதுக்கும் பார்மட். தலைவலின்னு வந்தவனுக்குத் தலையையே எடுக்குற வைத்தியம். இது தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. சொல்றதுக்கு எனக்குத் தகுதி இருக்கு, ஏன்னா அந்தத் தப்பைப் பண்ணவனே நான்தான்.

2017. காலேஜ்ல மூணாவது வருஷம். லீவுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவரோட பொட்டி ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆச்சு. "எல்லாம் டி டிரைவ்லதானே மாமா இருக்கு?"ன்னேன். "ஆமா மாப்ள"ன்னார். சி டிரைவை அழிச்சு, புதுசா விண்டோஸ் போட்டு, சும்மா பறக்க விட்டேன். அத்தை காபியெல்லாம் குடுத்தாங்க.

சாயங்காலம் மாமா கேட்டார்: "இங்க முன்னாடியே மஞ்சளா ஒரு ஃபோல்டர் இருந்துச்சே, எங்க மாப்ள?"

டெஸ்க்டாப்ல கண்ணுக்கு முன்னாடி இருக்கறது எல்லாம் சி டிரைவுக்குள்ளதான் இருக்கும். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனா நான் பாக்கல. அந்த ஃபோல்டர்ல அம்மாச்சி பாடின நடவுப் பாட்டு நாலு இருந்துச்சு, மாமா போன்ல பதிஞ்சது. அம்மாச்சி அதுக்கு முந்தின வருஷம்தான் தவறியிருந்தாங்க. ராத்திரி முழுக்க ரெக்கவரி சாப்ட்வேரா ஓட்டினேன். பேரு தெரியாத ஃபைல்கள் கொஞ்சம் வந்துச்சு, ஒண்ணும் பாடல. அழிஞ்ச இடத்து மேலயே நான் புது விண்டோஸை எழுதியாச்சே, எங்கேர்ந்து வரும்?

"பரவால்ல விடு மாப்ள"ன்னார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

போன மாசம் அதே மாமா போன் பண்ணார். லேப்டாப் ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் நீலத் திரையில நின்னு 48 இலக்க நம்பர் ஒண்ணு கேக்குதாம். கடைக்காரர் "பார்மட் போட்டா சரியாயிடும்"னுட்டாராம். "தொடவே விடாதீங்க மாமா"ன்னு கத்தினேன். அது பிட்லாக்கர் சாவி. 2024-ல வந்த விண்டோஸ் 11 24எச்2-வைப் புதுசா போட்டு மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சா, பெரும்பாலான பொட்டிகள்ல டிஸ்க் தானாவே பூட்டிக்கும். சாவி அந்த அக்கவுண்ட்லயே பத்திரமா இருக்கும். மாமா போன்லயே உள்ள போய்ப் பாத்தோம், இருந்துச்சு. ரிக்கவரி மெனுவுல கடைசி அப்டேட்டை மட்டும் நீக்கினோம். பொட்டி எழுந்துருச்சு. அரை மணி நேர வேலை. கடையில குடுத்திருந்தா அவரோட கணக்கு வழக்கு மொத்தமும் போயிருக்கும்.

பார்மட்டே கூடாதுன்னு சொல்லல. மோசமான வைரஸ் புகுந்த பொட்டிக்கு அதுதான் சரி. ஆனா அது கடைசிப் படி. முதல் படி, உள்ள என்ன இருக்குன்னு உக்காந்து கேக்குறது. "பேக்கப் இருக்கா?"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. "எது போனா அழுவீங்க?"ன்னு கேளுங்க. அப்பதான் மஞ்சள் ஃபோல்டர் வெளிய வரும்.

அப்புறம் சில விஷயம்:

- விண்டோஸ் எழவே இல்லயா? உபுண்டுவை பென் டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாம ஓட்டி, முதல்ல ஃபைல்களை வெளிய எடுங்க. பூட்டின டிஸ்க்னா அங்கயும் அந்தச் சாவி வேணும்.
- ரீசெட்ல 'கீப் மை ஃபைல்ஸ்' குடுத்தா போட்டோ, டாக்குமெண்ட் தங்கும். நீங்க போட்ட சாப்ட்வேர் எல்லாம் போயிடும். அதை நம்பியும் காப்பி எடுக்காம இருக்காதீங்க.
- ஹார்ட் டிஸ்க் 'டக் டக்'குனு சத்தம் போட்டா உடனே அணைச்சிடுங்க. ஓட ஓட மோசமாகும்.
- தெரியாம அழிச்சுட்டா அந்த டிஸ்க்ல வேற எதையும் எழுதாதீங்க. எஸ்எஸ்டின்னா ட்ரிம்னு ஒண்ணு அழிஞ்ச இடத்தைத் தானாவே துடைச்சிடும், திரும்பக் கிடைக்கறது அபூர்வம்.
- கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மட்டும் போதாது. இங்க அழிச்சா அங்கயும் அழியும். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல தனியா ஒரு காப்பி வைங்க.

விண்டோஸை எத்தனை தடவை வேணா திரும்பப் போடலாம், மக்களே. அம்மாச்சிய திரும்பப் பாட வைக்க எந்த சாப்ட்வேரும் இல்ல.

பி.கு: மாமா லேப்டாப் டெஸ்க்டாப்ல இப்பவும் ஒரு மஞ்சள் ஃபோல்டர் இருக்கு, பேரு 'நியூ ஃபோல்டர் 2'. இந்தத் தடவை மூணு காப்பி எடுத்தாச்சு :-)