படம் பிடிக்கப்படாதவர்கள்

இலங்கையை விட்டுச் சென்ற தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கலைஞர் கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸ். அவர் அன்னிக்கா கூல்மானோடு சேர்ந்து ‘த ஃபினெஸ்’ என்ற வீடியோப் படைப்பை உருவாக்கினார். 2022இல் அது இலண்டனிலும் பேர்லினிலும் காட்சிக்கு வைக்கப்பட்டது. இல்லாமற்போன தமிழீழமே அதன் பொருள். பழைய ஒளிப்பதிவுகளுக்கு நடுவே, அமெரிக்கப் பிரபலம் கிம் கர்தாஷியனின் சாயலில் கணினி செய்த முகமொன்றும் பேசுகிறது. நடந்த வரலாறு வேறுவிதமாகவும் நடந்திருக்கலாம் அல்லவா என்று படைப்பு நம்மை யோசிக்கச் சொல்கிறது.

அப்படி யோசிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அந்தக் குடும்பங்களின் துயரத்தை உக்குவளையில் இருந்துகொண்டு நான் அளக்க வரவில்லை. என் சண்டை வேறிடத்தில்.

கணினிக்குத் தானாக எதுவும் தெரியாது. ஏற்கெனவே சேர்த்து வைக்கப்பட்ட படங்களிலிருந்துதான் அது புதுமுகம் செய்கிறது. வன்னியில் யாரிடம் கமரா இருந்தது? புலிகளின் ‘நிதர்சனம்’ தன் போர்களையும் அணிவகுப்புகளையும் படம் பிடித்தது. கொழும்பில் ரூபவாஹினி தன் வெற்றிகளைப் படம் பிடித்தது. இரண்டு தேசங்களும் தத்தம் உருவப்படத்தைத் தாமே வரைந்துகொண்டன. அந்த இரண்டு சட்டங்களுக்கும் வெளியே நின்றவர்களை எந்தக் கணினி உயிர்ப்பிக்கும்?

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள் புலிகள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டார்கள். நண்பரின் உம்மா குழந்தைகளைத் தூக்கினார், அல்பத்தைத் தூக்கவில்லை. தான் பிறந்த வீட்டின் ஒரு படம்கூட இன்று அவரிடம் இல்லை. விடுதியில் ஓர் இரவு அந்த வீட்டைக் கரித்துண்டால் சுவரில் வரைந்து காட்டினார். கிணறு எந்தப் பக்கம் என்பதில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

‘இது கலை, சரித்திரப் பாடமல்ல’ என்று நம்மவர் சிலர் சொல்வார்கள். நல்லது. ஆனால் உருவாகியிருக்கக்கூடிய ஒரு தேசத்தைப் பற்றிய கலையிடம், அந்தத் தேசம் யாரைத் தன் மக்களாக எண்ணியிருக்கும் என்று கேட்பது அநியாயமா? கனவுக்கும் குடியுரிமைப் பட்டியல் உண்டு. அதே 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்களே, அவர்கள் அந்தப் பட்டியலில் எந்த வரியில் இருக்கிறார்கள்?

விரலை மற்றவர் பக்கம் மட்டும் நீட்டினால் நானும் பொய்யனாவேன். 2009 மே மாதம் பாடசாலையில் பாற்சோறு பங்கிட்டபோது தட்டை ஏந்தி நின்றவர்களில் நானும் ஒருவன். முள்ளிவாய்க்காலில் செத்த பிள்ளைகளின் முகம் அன்று எனக்குத் தோன்றவில்லை. அரசு வரைந்த படத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நம்பினேன். 2018 மார்ச்சில், எங்களுக்கு அதிகத் தூரமில்லாத திகனையில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோதுதான் அந்த நம்பிக்கையின் விலை புரிந்தது.

ஆகவே, பேர்லினில் இருப்பவர் நம்மை ஏன் காட்டவில்லை என்று புலம்பி என்ன பயன்? முப்பத்தைந்து வருடங்களாக நாம் எதைப் பதிந்து வைத்தோம்? மீலாத் விழா மலர்களில் அமைச்சர்களின் படங்களை அச்சிட்டோம். புத்தளத்து முகாம்களில் மூத்தம்மாமார் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு தெருக்களின் பெயர்களும் போகின்றன.

இன்று என் வகுப்பில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் வீடுகளில் கமரா உள்ள தொலைபேசி இல்லாத வீடு அரிது. இந்தத் தவணை அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டிலோ அயலிலோ உள்ள மூத்தவர் ஒருவரை இருத்தி, ‘உங்கள் பழைய வீட்டில் கிணறு எந்தப் பக்கம் இருந்தது?’ என்று கேட்டுப் பதிந்து வரவேண்டும். முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்ற பேதமில்லை. தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளையும் கேட்கலாம்.

எழுதுகிற சகோதரர்களே, கவிதை பிறகு எழுதலாம். முதலில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.